ஜூன் பிறந்ததும் பாஸ் மீன் எங்கே போகிறது?

கேட்கப்பட்டது இது: "ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் கரையில் நின்றபடியே லார்ஜ்மவுத் பாஸ் நிறைய பிடித்தேன். ஜூன் வந்ததும் அதே இடத்தில் ஒன்றும் கடிப்பதில்லை. பெரிய ஏரிக்கும் போகிறேன், பக்கத்தில் உள்ள சிறு குளத்துக்கும் போகிறேன். இரண்டிலும் அதே கதைதான். என்ன இரை போட வேண்டும்?"

லார்ஜ்மவுத் பாஸ் என்பது அமெரிக்க ஏரிகளிலும் குளங்களிலும் வாழும், பெரிய வாயுள்ள நன்னீர் வேட்டைமீன். இரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கோடைத் தொடக்கத்தில் வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் சரியான இரையை மீன் இல்லாத இடத்தில் போட்டுக்கொண்டிருப்பவர்கள். ஒரே ஏரியில் இருக்கும் பாஸ் எல்லாம் இந்தச் சமயத்தில் ஒரே காரியத்தைச் செய்வதில்லை. ஒரு பகுதி ஆழம் குறைந்த கரையோரத்திலேயே தங்கிவிடும். இன்னொரு பகுதி ஆழத்தை நோக்கிக் கிளம்பிவிடும். நீங்கள் தங்கிய மீனைத் தேடுகிறீர்களா, கிளம்பிய மீனைத் தேடுகிறீர்களா என்று முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள். குளத்தில் நிலைமை வேறு. அங்கே கிளம்பிப் போக இடமே கிடையாது. அதனால் ஏரிக்கான யோசனையை அப்படியே குளத்துக்குக் கொண்டுபோனால் வேலைக்கு ஆகாது.

வசந்த காலத்தில் கரையோரம் ஏன் அவ்வளவு மீன் இருந்தது என்பதைப் பார்த்துவிடலாம். தண்ணீரின் வெப்பம் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது (செல்சியஸில் 15-16) பாஸ் முட்டையிட ஆயத்தமாகும். 75 வரை அது நீளும். ஆண் மீன் ஆழமற்ற இடத்தில் வாலால் அடித்து அடித்துத் தரையைக் கூட்டி, வட்டமாக ஒரு குழி செய்யும். பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு காவல் முழுக்க ஆணின் பொறுப்பு. முட்டை பொரிந்து, குஞ்சுகள் கருமேகம்போல் கூட்டமாக நீந்தத் தொடங்கிய பிறகும், விரால் மீன் தன் குஞ்சுகளைக் காப்பதுபோல இதுவும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். மே மாதம் நீங்கள் பிடித்தவற்றில் பல, பசியால் கடித்தவை என்று சொல்ல முடியாது. குழிக்குப் பக்கத்தில் எது வந்தாலும் விரட்டும் கோபத்தில் கடித்தவை அவை.

இந்தக் கட்டம் முடிந்ததும் பெண் மீன்கள்தான் முதலில் மறைகின்றன. பெரிய மீன் என்றால் அநேகமாகப் பெண்தான். அதனால்தான் பெரியவை எல்லாம் ஒரேயடியாகக் காணாமல் போனதுபோல் தெரிகிறது. முட்டையிட்ட களைப்பில் அவை கரையை ஒட்டிய முதல் பள்ளத்தில், படகுத்துறையின் நிழலில், அல்லது மூழ்கிய மரத்துக்கு அருகில் சில நாள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். இந்த நாட்களில் வேகமாக ஓடும் இரையைத் துரத்த அவற்றுக்கு மனம் வராது. இரண்டு மூன்று வாரம் கழிந்து பசி திரும்பியதும் கதை மாறும்.

ஜூன் மாதத்தை வைத்துப் பேசுகிறேனே தவிர, நாட்காட்டியைவிடத் தண்ணீர்தான் கணக்கு. ஃப்ளோரிடாவில் குளிர்காலம் முடிவதற்குள்ளேயே முட்டையிடல் தொடங்கிவிடும். ஜூனில் அங்கே நடுக்கோடை. வடக்கே மின்னசோட்டாவிலோ மிச்சிகனிலோ ஜூன் முதல் வாரத்தில்கூடக் குழியில் மீன் இருக்கலாம். ஒரு சாதாரண வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். 70 முதல் 80 டிகிரிக்குள் (21 முதல் 27 செல்சியஸ்) இருந்தால் நான் கீழே சொல்வது பொருந்தும்.

சரி, தங்கும் மீன் ஏன் தங்குகிறது? உணவுக்காக. அந்த உணவின் பெயர் ப்ளூகில். கையகல உடம்பும், செவுளின் ஓரத்தில் ஒரு கருப்புப் பொட்டும் உள்ள சிறு மீன். பாஸ் முட்டையிட்டு முடித்த பிறகு, தண்ணீர் 70 டிகிரியை நெருங்கியதும், இவை முட்டையிடத் தொடங்கும். ஒன்றிரண்டாக அல்ல, பத்து இருபது குழிகளைப் பக்கம் பக்கமாக வெட்டி ஒரு குடியிருப்பே அமைத்துவிடும். நீர்ப்பரப்பின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி அணிந்துகொண்டு இரண்டு மூன்று அடி ஆழத்தில் பார்த்தால் அடியில் வெளிறிய வட்டங்கள் தெரியும். கோடை முழுக்க இது விட்டுவிட்டு நடக்கும். முழுநிலவை ஒட்டி அதிகமாக நடக்கிறது என்பது தூண்டில்காரர்கள் பரவலாகச் சொல்வது.

அந்தக் குடியிருப்பைக் கண்டுபிடித்துவிட்டால் இரையை நேராக அதன் நடுவில் போடாதீர்கள். நடுவில் ப்ளூகில்தான் இருக்கும். பிளாஸ்டிக் புழுவின் வாலைக் கொத்திக் கொத்தித் தின்றுவிடும். பாஸ் விளிம்பில் நிற்கும். குழிகளுக்கும் ஆழத்துக்கும் நடுவே ஒரு புதர், ஒரு கட்டை, ஒரு பாசித் திட்டு இருந்தால் அதன் நிழலில் நின்றுகொண்டு, ஓரத்தில் ஒதுங்கும் ப்ளூகில்லுக்காகக் காத்திருக்கும். பரந்த உடம்புள்ள, ப்ளூகில் நிறத்தில் உள்ள பாப்பரை (இழுத்தால் நீர்ப்பரப்பில் 'பொளக்' என்று ஒலி எழுப்பும் மிதக்கும் செயற்கை இரை) ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, எழுந்த வளையம் கரையும்வரை அசையாமல் விடுங்கள். பலருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. கடி அநேகமாக அசையாமல் கிடக்கும்போதுதான் விழும்.

ஷாட் என்னும் வெள்ளி நிறச் சிறுமீன் உள்ள பெரிய ஏரிகளில், குறிப்பாக அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் அணைத் தேக்கங்களில், இன்னொரு விருந்தும் உண்டு. ஷாட் கூட்டம் விடியற்காலையில் கருங்கல் அடுக்கிய கரையிலும், மிதக்கும் துறைகளின் ஓரத்திலும் முட்டையிட வரும். நீர்ப்பரப்பில் வெள்ளி வெள்ளியாகத் துடிப்பதைப் பார்க்கலாம். கதிரவன் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். அந்த நேரத்துக்குள் கல்கரையை ஒட்டி ஸ்பின்னர்பெயிட்டை (சுழலும் பளபளத் தகடு உள்ள செயற்கை இரை) இழுத்தவருக்குத்தான் மீன்.

இனி கிளம்பிய மீன். இங்கே ஆக்ஸிஜனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பலர் தாண்டிப் போகிற விஷயம் இது. வெயில் ஏற ஏற ஏரியின் மேல்நீர் சூடாகி இலேசாகும். கீழ்நீர் குளிர்ந்து கனமாகவே இருக்கும். இரண்டும் கலக்காமல் நடுவில் ஓர் எல்லை உருவாகும். அதைத் தெர்மோகிளைன் என்கிறார்கள். அந்த எல்லைக்குக் கீழே காற்றும் படாது, வெளிச்சமும் போதாது. அடியில் மக்கும் குப்பை இருக்கிற ஆக்ஸிஜனைத் தின்றுகொண்டே போகும். ஆகஸ்டில் பல ஏரிகளின் அடிப்பகுதியில் மீன் வாழவே முடியாது. ஜூன் தொடக்கத்தில் இந்த எல்லை உருவாகிக்கொண்டிருக்கும். அடிநீர் இன்னும் முழுக்கக் கெட்டிருக்காது. ஆனாலும் பாதை அந்தத் திசையில்தான். எனவே "வெயில் வந்துவிட்டது, மீன் ஏரியின் அதிக ஆழத்தில் இருக்கும்" என்று 40 அடிக்கு இறக்குவது பெரும்பாலும் வீண். மீன் தேடுவது ஆழத்தையும் வசதியையும் சேர்த்துத்தான். நடுத்தர ஏரியில் இந்த எல்லை 10 முதல் 25 அடிக்குள் எங்காவது அமையும். படகில் சோனார் (ஒலியலையால் நீருக்கடியில் உள்ளதைத் திரையில் காட்டும் கருவி) இருந்தால் அதன் உணர்திறனைக் கூட்டிப் பாருங்கள். திரையின் குறுக்கே மங்கலாக ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டைக்கு மேலே, தரை எங்கே அதைத் தொடுகிறதோ அந்த இடங்கள்தான் உங்கள் வயல்.

அப்படிப்பட்ட இடங்கள் ஏரியில் எவை? கரையிலிருந்து மூக்குபோல நீண்டு தண்ணீருக்குள் இறங்கும் மேடுகள். முட்டையிட்ட விரிகுடாவின் வாயில். பழைய ஓடை ஏரிக்கு அடியில் போகும் பள்ளத்தின் விளிம்பு. 6 அடியிலிருந்து 12 அடிக்குச் சட்டென்று இறங்கும் இடத்தில் பாசி முடிகிற வரம்பு. விரிகுடாவில் முட்டையிட்ட மீன் ஒரே நாளில் நடு ஏரிக்குப் போய்விடாது. வழியில் இவற்றில் தங்கித் தங்கித்தான் போகும். ஆகவே மே மாதம் மீன் பிடித்த அதே விரிகுடாவிலிருந்து தொடங்கி, வெளியே போகும் வழியில் உள்ள முதல் மேடு, இரண்டாவது மேடு என்று தேடிக்கொண்டே போங்கள். ஏரி முழுக்கச் சுற்றுவதைவிட இது பலன் தரும்.

ஓரிடத்தில் ஒரு மீன் கிடைத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். கரையோரத்தில் பாஸ் தனித்தனியாக நிற்கும். ஆழத்துக்குப் போன பாஸ் கூட்டமாக நிற்கும். ஒன்று கடித்துப் போராடும்போது மற்றவையும் உசுப்பேறும். ஆழம் பாயும் கிராங்பெயிட் (இழுக்க இழுக்கக் கீழே பாயும், மீன் வடிவக் கெட்டி இரை) ஒன்றைத் தரையில் இடிக்க இடிக்க இழுப்பது இந்தக் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் வேகமான வழி. தரையில் இடிக்காத கிராங்பெயிட்டால் பயன் குறைவு. 10 அடித் தரைக்கு 12 அடி பாயும் இரையைப் போடுங்கள். கடி குறைந்ததும் கனமான ஜிக்குக்கோ (ஈயத் தலையோடு சேர்ந்த முள்) கரோலினா ரிக்குக்கோ (ஈயத்துக்குச் சற்றுப் பின்னால் இரை வரும்படி கட்டுவது) மாறி, மெதுவாக இழுத்து மிச்சத்தை எடுக்கலாம். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தால் டிராப் ஷாட், அதாவது ஈயத்தை நுனியில் கட்டி இரையை அதற்கு மேலே தொங்கவிடும் முறை.

குளத்துக்கு வருவோம். எனக்குப் பிடித்தது இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ உள்ள குளத்தில் அதிக ஆழமே 8 அல்லது 10 அடி இருக்கும். கலங்கலான, காற்று படாத குளத்தில் தெர்மோகிளைன் இன்னும் மேலே, சில நேரம் 6 அடிக்குள்ளேயே அமைந்துவிடும். அப்படியானால் கீழே உள்ள சில அடித் தண்ணீர் மீனுக்கு உதவாது. குளத்து மீன் கோடையில் ஆழத்துக்குப் போவதில்லை, போக முடியாது. அது கரையோரத்திலேயே நேரத்தை மாற்றிக்கொள்கிறது. பகல் முழுக்க நிழலில் பதுங்கிவிட்டு, வெளிச்சம் குறைந்ததும் வெளியே வரும். மே மாதம் மதியம் 2 மணிக்குப் பிடித்த இடத்தில் ஜூன் மாதம் மாலை 7 மணிக்குப் போய்ப் பாருங்கள். அதே மீன் அங்கேதான் இருக்கும்.

குளத்தில் கரையில் நிற்பவர் செய்யும் பெரிய தவறு, வந்ததும் விளிம்புவரை நடந்துபோய்க் குளத்தின் நடுவுக்கு வீசுவது. மீன் உங்கள் காலுக்குக் கீழே இருந்தது. மண்ணில் பதியும் காலடி அதிர்வை மீன் தன் உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக்கோட்டால் அறியும். உங்கள் நிழல் விழுந்தால் இன்னும் மோசம். விளிம்புக்கு ஐந்தாறு அடி முன்பே நின்று, முதல் வீச்சைக் கரையை ஒட்டி, கரைக்கு இணையாகப் போடுங்கள். இரை பயணம் செய்யும் தூரம் முழுக்க மீன் இருக்கும் தண்ணீர். நடுவுக்கு வீசினால் கடைசி ஆறடி மட்டும்தான் பயனுள்ள தண்ணீர். கதிரவன் உங்கள் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்திருந்தால் நிழல் நீளும் என்பதையும் கவனியுங்கள். எதிர்க்கரைக்குப் போய்விடுவது நல்லது.

எங்கே வீசுவது? கட்டுக்கரை உள்ள குளம் என்றால் அந்தக் கரையோரம்தான் ஆழமான பகுதி. அங்கே நிற்கும் வடிகுழாயைச் சுற்றி எப்போதும் ஒரு மீன் இருக்கும். தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கால், மழை பெய்த மறுநாள் தனி ராஜ்ஜியம். ஓடிவரும் நீர் குளிர்ச்சியும் ஆக்ஸிஜனும் மண்புழுவும் கொண்டுவரும். தண்ணீர்மேல் சாயும் மரக்கிளை மதிய நேரத்துக்கு. காற்று மோதும் கரையை ஒதுக்காதீர்கள். வீசுவதற்குச் சிரமம்தான், ஆனால் நுண்ணுயிர்கள் அந்தப் பக்கம் தள்ளப்படும், சிறுமீன் அதைத் தொடரும், பாஸ் சிறுமீனைத் தொடரும். மேற்பரப்பு அலைந்துகொண்டிருப்பதால் உங்களையும் அது அவ்வளவாகப் பார்க்காது. ஏரேட்டர் (தண்ணீருக்குள் காற்றைச் செலுத்தும் கருவி) வைத்த குளமானால் குமிழி எழும் இடத்தைச் சுற்றி வீசுங்கள். நடுக்கோடையில் சில குளங்களில் மீன் இருப்பதே அங்கேதான்.

கோரையும் அல்லியும் பாசியும் படர்ந்த குளத்தைக் கண்டு பலர் திரும்பிப் போகிறார்கள். அந்தக் குளத்தைத்தான் நான் தேடுவேன். பச்சையாக இருக்கும் செடி பகலில் ஆக்ஸிஜன் தரும், நிழல் தரும், சிறுமீனுக்கு இடம் தரும். அழுகிப் பழுப்பேறிய பாசியோ ஆக்ஸிஜனைத் தின்னும், அதை விட்டுவிடலாம். பச்சைப் பாசியின் மேல் உள்ளீடற்ற ரப்பர் தவளையைத் தத்தவிடுங்கள். முள்கள் உடம்போடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் செடியில் சிக்காது. இலைகளின் மேல் நிற்காமல் இழுத்து, இலைக்கு நடுவே உள்ள ஓட்டையில் நிறுத்தி, இருந்த இடத்திலேயே இரண்டு முறை துடிக்க வையுங்கள். தண்ணீர் வெடித்துத் தவளை மறையும். அந்தக் கணத்தில் சுண்டி இழுத்தால் தவளை உங்கள் முகத்துக்குத்தான் வரும். கோலின் நுனியைத் தாழ்த்தி, தூண்டில் நரம்பின் தளர்ச்சியை எடுத்து, மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு பலமாக இழுக்க வேண்டும். சொல்வது எளிது, வெடிச் சத்தத்தைக் கேட்டால் கை தானாக எழும்பும். தவளைக்கு 50 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு வேண்டும், விறைப்பான 7 அடிக் கோல் வேண்டும். மீனோடு சேர்த்து ஒரு கூடைப் பாசியையும் இழுத்தாக வேண்டுமல்லவா.

குளத்தில் காலை நேரம் பற்றி ஒரு நுணுக்கம். இரவில் செடிகள் ஆக்ஸிஜன் தராது. அவையும் மூச்சு விடும். அதனால் செடி மிகுந்த குளத்தில் விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. வெப்பம் ஏறிய பிறகு, அத்தகைய குளத்தில் விடியற்காலையைவிட மாலையோ, வெயில் விழுந்து ஓரிரு மணி நேரம் கழிந்த காலையோ சிறப்பாக அமைவதுண்டு. ஏரியிலும் செடி குறைந்த குளத்திலும் விடியற்காலையே மேல். மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்தால் தூண்டிலை எடுத்து வைத்துவிட்டுக் குளத்தின் உரிமையாளரிடம் சொல்லுங்கள். தொடர்ந்து சில நாள் மேகமூட்டம், அல்லது பெரும் மழையால் அடிநீர் மேலே புரண்டுவருவது, இவற்றால் குளம் முழுக்க மீன் செத்து மிதப்பது கோடையில் நடக்கிறது.

இப்போது நீங்கள் கேட்ட இரை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லச் சொன்னால், 5 அங்குல மிருதுவான பிளாஸ்டிக் குச்சிப்புழு. நடுவில் முள்ளைக் குத்தி, ஈயம் இல்லாமல் வீசுவது. வாக்கி ரிக் என்று பெயர். இரண்டு நுனியும் நடுங்க நடுங்க, கிடைமட்டமாக மெதுவாக இறங்கும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். தூண்டிலில் வித்தை காட்டத் தெரிந்தவர்கள் இதில் தோற்பதும், பேசாமல் விட்டவர்கள் ஜெயிப்பதும் வேடிக்கை. முட்டையிட்டுக் களைத்த மீன் துரத்தாது என்றேனே, அதற்கு இதுதான் மருந்து. இறங்கும்போது நரம்பைப் பாருங்கள். அது பக்கவாட்டில் நகர்ந்தாலோ, சட்டென்று தளர்ந்தாலோ கடித்துவிட்டது என்று பொருள். உடனே இழுங்கள், தாமதித்தால் விழுங்கிவிடும்.

செடிக்குள்ளும் கட்டைக்குள்ளும் போட டெக்சஸ் ரிக். நகரும் குண்டு ஈயம், முள் நுனி புழுவின் உடம்புக்குள் மறைந்திருக்கும். பிளாஸ்டிக் புழுவை முதன்முதலில் செய்து விற்றவர்கள் டெக்சஸ்காரர்கள் அல்ல; ஒஹையோ மாநிலம் ஆக்ரனில் 1949-இல் நிக் கிரீமும் அவர் மனைவியும் வீட்டிலேயே வார்த்தார்கள். பிறகுதான் தொழில் டெக்சஸுக்குப் போனது. ஈயம் எட்டில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு அவுன்ஸ் போதும். கனமான ஈயம் போட்டுத் தடதடவென்று இறக்குவதில் குளத்தில் லாபமில்லை.

நிறத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தெளிந்த நீரில் பச்சையும் பழுப்பும் கலந்த இயற்கை நிறம். கலங்கல் நீரில் கருப்பு அல்லது கருநீலம். கடையில் வரிசையாகத் தொங்கும் நூறு நிறமும் முதலில் பிடிப்பது மனிதரைத்தான். கோல் விஷயத்தில், தொடங்குபவருக்கு 6½ அல்லது 7 அடி நடுத்தர ஸ்பின்னிங் கோல், 8 அல்லது 10 பவுண்டு நரம்பு. ஃப்ளூரோகார்பன் நரம்பு மூழ்கும். மேற்பரப்பு இரைக்கு அது ஆகாது. பாப்பருக்குச் சாதாரண நைலான் நரம்பே நல்லது.

வானிலையில் இரண்டு மட்டும். மேகம் மூடிய நாளில் மீன் நிழலை விட்டு அலையும். நீங்களும் வேகமாக நடந்து அதிக இடம் பாருங்கள். பளிச்சென்ற வெயிலில் மீன் நிழலோடு ஒட்டிக்கொள்ளும். இடத்தைக் கணிப்பது எளிது, ஆனால் இரை மூக்குக்கு அருகில் விழ வேண்டும். இடி கேட்டால் அந்த நொடியே கோலைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கையில் இருப்பது கிராஃபைட். மின்சாரம் நன்றாகப் பாயும் பொருள்.

கோடைத் தொடக்கம் மந்தமான பருவம் என்று நினைப்பவர்களுக்காக ஒரு செய்தி. உலகச் சாதனை லார்ஜ்மவுத் பாஸ் பிடிபட்டது 1932 ஜூன் 2 அன்று. ஜார்ஜியா மாநிலத்தில், ஒகமல்கி ஆற்றிலிருந்து பிரிந்த மான்ட்கோமரி ஏரி என்னும் சிறு நீர்நிலையில், ஜார்ஜ் பெர்ரி என்ற இளைஞர் பிடித்தார். எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த மீன் அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் குறைவாகவே அதிகம் இருந்ததால், விதிப்படி இருவரும் சாதனையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இரண்டுமே வெயில் காலம்தான் என்பதைக் கவனியுங்கள்.

பிடித்த பிறகு என்ன செய்வது என்பதும் பதிலின் பகுதிதான். வெதுவெதுப்பான நீரில் ஆக்ஸிஜன் குறைவு. போராடிக் களைத்த மீன் மீள்வதற்கு அதிக நேரமாகும். எனவே மெல்லிய நரம்பில் நெடுநேரம் விளையாட்டுக் காட்டாமல் சீக்கிரம் கரை சேருங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். சிறியதைக் கீழுதட்டைப் பிடித்துச் செங்குத்தாகத் தூக்கலாம்; பெரியதை அப்படித் தொங்கவிட்டால் தாடை கெடும், மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். சூடான பாறையிலோ படகின் தரையிலோ கிடத்தாதீர்கள். முள்ளை விழுங்கியிருந்தால் பிய்த்து இழுப்பதைவிட, முள்ளுக்கு அருகில் நரம்பை வெட்டிவிடுவது மேல். குஞ்சுகளுக்குக் காவலாக இருக்கும் ஆண் மீன் மாட்டினால் பிடித்த இடத்திலேயே உடனே விடுங்கள். ஐந்து நிமிடம் அது இல்லையென்றால் ப்ளூகில் கூட்டம் குஞ்சுகளைக் காலிசெய்துவிடும்.

எல்லா மீனையும் விட்டே ஆக வேண்டும் என்பதில்லை. போட்டிகளில் மீனை உயிரோடு விடும் வழக்கத்தை, பாஸ் தூண்டில் போட்டிகளை நடத்திய ரே ஸ்காட்டின் பாஸ் சங்கம் 1972-இல் கொண்டுவந்த பிறகு, விடுவது ஒரு மதம்போல் ஆகிவிட்டது. பெரிய பொது ஏரிக்கு அது நல்லது. சிறு குளத்தில் கணக்கு வேறு. பிடிப்பதெல்லாம் 10, 11 அங்குலமாக, தலை பெரிதும் உடம்பு ஒல்லியுமாக இருந்தால், அந்தக் குளத்தில் பாஸ் அளவுக்கு மிஞ்சிவிட்டது, சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். ஒரு பவுண்டு எடை கூட ஒரு பாஸுக்குப் பல பவுண்டு சிறுமீன் வேண்டும். உரிமையாளர் சம்மதித்தால் அந்தச் சிறிய ஒல்லிகளில் சிலவற்றை எடுத்துப்போவது மிச்ச மீனுக்குச் செய்யும் உதவி. அலபாமாவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் எச். எஸ். ஸ்விங்கிள் பண்ணைக்குளங்களை வைத்துப் பாஸ்-ப்ளூகில் சமநிலையை ஆராய்ந்த காலத்திலிருந்தே சொல்லப்படுவது இது. நல்ல கொழுத்த பெரிய மீனை விட்டுவிடுங்கள். சாப்பிடுவதானாலும் சிறியதே நல்லது; பாஸ் உணவுச் சங்கிலியின் மேல்மட்டத்தில் உள்ள வேட்டைமீன் என்பதால் வயது ஏற ஏற உடம்பில் பாதரசம் சேரும். எந்த ஏரி மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநில அரசுகளே அறிவிப்பு வெளியிடுகின்றன.

உரிமத்தை மறக்காதீர்கள். பாஸ் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: எத்தனை வைத்துக்கொள்ளலாம், எந்த நீளத்துக்கு மேல், எந்தத் தேதியிலிருந்து. வடக்கே சில இடங்களில் முட்டையிடும் காலம் முடியும்வரை பாஸை வைத்துக்கொள்ளத் தடை உண்டு, ஜூனில்தான் திறப்பார்கள். ஜூன் தொடக்கத்தில் பல மாநிலங்கள் உரிமம் இல்லாமலே மீன் பிடிக்கச் சில நாள் அனுமதிக்கின்றன. புதிதாக ஒருவரை அழைத்துப்போக அந்த நாள் வசதி. குடியிருப்புக் குளமோ கோல்ஃப் மைதானக் குளமோ, அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். ஏரியில் பிடித்த மீனை "இங்கேயும் வளரட்டும்" என்று குளத்தில் கொண்டுபோய் விடுவது பல மாநிலங்களில் குற்றம். நோயும் வேண்டாத உயிரினமும் அப்படித்தான் பரவுகின்றன.

நீங்கள் இருக்கும் நிலையில் நான் என்றால், இந்த வாரம் ஏரியை விட்டுவிட்டு, மாலை வெயில் சாய்ந்ததும் குளத்துக்குப் போவேன். கையில் ஒரு கோல், ஒரு பொட்டலம் குச்சிப்புழு, ஒரு தவளை. முதல் பத்து வீச்சையும் கரையை ஒட்டியே போடுவேன். ஏரிக்கு விடுமுறை நாளில், விடியுமுன், கல்கரையில் தொடங்கி, வெயில் ஏறியதும் விரிகுடா வாயிலில் உள்ள மேட்டுக்கு நகர்ந்துவிடலாம்.